லாரி எங்கே நிற்கும்? – கடைவீதிக் கேள்விகள்

சரக்கு வண்டி, கடைவீதி, நெரிசல் தொடர்பாக ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ராமேஸ்வரம் ரத வீதியில் கடை வைத்திருக்கிறோம். பகலில் சரக்கு வண்டியே வரக் கூடாது, காலை 6 மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும் என்று ஒரு யோசனை பேசப்படுகிறது. இது நடக்கிற காரியமா?
– மளிகை வியாபாரி, ராமேஸ்வரம்

மற்ற ஊர்க் கடைவீதிக்குச் சரி, உங்கள் ஊருக்கு இந்த நேரம் தலைகீழ். பெரும்பாலான ஊர்களில் விடியற்காலை தெரு காலியாகக் கிடக்கும். ராமேஸ்வரத்தில் அப்போதுதான் நிரம்பும். 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதற்கு முன்பே அக்னி தீர்த்தத்தில் குளியல் தொடங்கிவிடும், பிறகு 22 தீர்த்தமும் ஆட வரிசை. வெறுங்காலும் ஈரத் துணியுமாகக் கைக்குழந்தையோடு நடக்கிற கூட்டத்துக்குள் மினி லாரியை ரிவர்ஸ் எடுப்பதைவிட ஆபத்தான வேலை அந்தத் தெருவில் இல்லை.

நடை சாத்தும் நேரத்தைப் பாருங்கள். பகல் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கிறார்கள், இரவு 9 மணிக்கு மறுபடி சாத்துகிறார்கள். ஆக 1 முதல் 3 வரை ஒரு வேளை, இரவு 9.30 முதல் 11.30 வரை இன்னொரு வேளை என்று சரக்குக்கு ஒதுக்கலாம். பகல் வேளையில் வெயில் கொல்லும் என்று லோடுமேன்கள் சொல்வார்கள், அது நியாயம்தான். இறக்குமிடத்துக்கு மேல் பந்தலும் பக்கத்தில் குடிதண்ணீரும் இல்லாமல் அந்த நேரத்தை அறிவித்தால் இரண்டாம் வாரமே ஆள் வரமாட்டார்கள்.

நேரத்தை முடிவுசெய்யும் முன் கணக்கெடுப்பு அவசியம். இரண்டு பேர், ஒரு நோட்டு, மூன்று நாள் போதும். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தைய ஒரு நாள். ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், கிளம்பிய நேரம், என்ன வண்டி, எந்தக் கடை, என்ன சரக்கு, எங்கே நின்றது (சாலையிலா, நடைபாதையிலா, சாக்கடை மூடி மீதா) என்று எழுதுங்கள். பலரும் வண்டியை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள். தெருவை அடைப்பது வண்டி நின்ற நிமிடம். 2 நிமிடம் நின்று பால் டப்பா இறக்கும் ஆட்டோவும் 40 நிமிடம் நின்று அரிசி இறக்கும் லாரியும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தெருவுக்கு ஒன்றல்ல.

கணக்கு இப்படிப் போகும். உச்ச நேரத்தில் மணிக்கு 12 வண்டி, ஒவ்வொன்றும் சராசரி 15 நிமிடம் நிற்கிறது என்றால் மொத்தம் 180 நிமிடம். 60ஆல் வகுத்தால் 3. உடனே 3 இடம் போதும் என்று கோடு போட்டுவிடக் கூடாது. வண்டிகள் வரிசையாக முறை வைத்து வருவதில்லை. ஒரே நேரத்தில் 5 வரும், பிறகு கால் மணி நேரம் ஒன்றும் வராது. 3 இடம் மட்டும் இருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு வண்டிக்கு இடம் கிடைக்காது, அது நடுத்தெருவில் நிற்கும். 4 இடம் என்றால் ஐந்தில் ஒன்று. 5 இடம் என்றால் பத்தில் ஒன்று. அந்த 5தான் நியாயமான எண். மீதி நேரத்தில் காலியாகத் தெரிகிறதே என்று யாராவது கேட்பார்கள். தீயணைப்பு வண்டியும்தான் பெரும்பாலும் சும்மா நிற்கிறது.

இடத்தின் அளவு: டாடா ஏஸ் 3.8 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். அதற்காக 4 மீட்டர் கட்டம் போட்டால் பின்கதவைத் திறந்து மூட்டையை இழுக்க ஆள் நிற்க முடியாது. பின்னால் குறைந்தது 1.5 மீட்டர் வேண்டும். ஆகவே சின்ன வண்டிக்கு 6 மீட்டர், 17 அடி பாடி கட்டிய மினி லாரிக்கு 10 மீட்டர். அகலம் 2.5 மீட்டர். டிரைவர் நேராக நுழைந்து நேராக வெளியேறும்படி தெருமுனையை ஒட்டி வைத்தால் ரிவர்ஸ் எடுக்கும் வேலையே வராது. தேர் ஓடும் வீதி என்பதால் இரும்புத் தூண், நிரந்தரக் கம்பம், தாழ்ந்த போர்டு எதுவும் ஆகாது. பெயிண்ட் கோடும், கழற்றி மாட்டும் தூணும் போதும்.

இன்னொன்று, எல்லாரும் மறக்கிற ஒன்று. தீவுக்குச் சாலை வழி ஒன்றே ஒன்று. 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர். அதில் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் கூட்டம் எப்போது சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் “1 மணிக்கு வா” என்றால் டிரைவர் 11 மணிக்கே பாலம் தாண்டி வந்து காத்திருப்பார். எங்கே? நீங்கள் இடம் சொல்லவில்லை என்றால் உங்கள் தெருவிலேயே. ஆகவே நேரக் கட்டுப்பாடு போடும் எந்த ஊரும் ஊருக்கு வெளியே காத்திருக்கும் திடலையும் சேர்த்துத்தான் போட வேண்டும். வண்டி திரும்பும் இடத்தையும் சேர்த்து மினி லாரிக்கு 70 சதுர மீட்டர் வைத்தால், 10 லாரிக்கு 17 சென்ட் நிலம். கழிப்பறை, நிழல், தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத திடலில் எந்த டிரைவரும் நிற்கமாட்டார்.

தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் வண்டியே வேண்டாம். இரண்டு நாள் முன்பே இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பால், பூ, மருந்து, சிலிண்டர் மட்டும் திடலிலிருந்து தள்ளுவண்டியில் வரட்டும்.

கேள்வி: எங்கள் தெரு 8 அடிதான். கூரியர், ஆன்லைன் பார்சல், கேஸ், தண்ணீர் கேன் என்று நாள் முழுக்க ஏதாவது ஒரு வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அகலப்படுத்த வழியே இல்லை. என்ன செய்வது?
– குடும்பத் தலைவி, கீழக்கரை

அகலப்படுத்தவே வேண்டாம். பழைய தெருவின் நிழலையும் காற்றையும் இடித்து வாங்குவது வண்டி நிற்கும் இடத்தை மட்டும்தான்.

8 அடி என்றால் சுமார் 2.4 மீட்டர். டாடா ஏஸ் கண்ணாடியோடு சேர்த்து 1.7 மீட்டருக்குக் குறையாது. மிச்சம் 70 சென்டிமீட்டர். பையோடு வருகிற ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக முடியும், பைக் போகாது. 3 மீட்டருக்குக் கீழே உள்ள தெருவில் நாலு சக்கர வண்டி நிற்கவே கூடாது என்று ஜமாத்தும் நகராட்சியும் சேர்ந்து முடிவு செய்யலாம். வண்டி தெருமுகத்தில் நிற்கட்டும், உள்ளே தள்ளுவண்டி போகட்டும். தலைச்சுமை என்றால் 50 மீட்டருக்கு மேல் கேட்பது நியாயமில்லை. நல்ல ரப்பர் சக்கரத் தள்ளுவண்டி என்றால் 200 மீட்டர் வரை சிரமமில்லை.

முக்குத் திருப்பம் தனிச் சிக்கல். பழைய வீடுகளின் முக்கில் சுவரை ஒட்டிக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுவண்டி அச்சு சுவரை உரசாமல் இருக்க வைத்தது. இன்றைக்கு அந்தக் கல்லில்தான் ஏஸ் வண்டியின் நீல பெயிண்டும் வெள்ளை பெயிண்டும் ஒட்டியிருக்கும். காரணம் எளிது: ஏஸ் திரும்ப 4.3 மீட்டர் ஆரம் வேண்டும். இரண்டு பக்கத் தெருவும் 3 மீட்டர் அகலம் இருந்தால்தான் ஒரே வெட்டில் திரும்பும், அதுவும் இம்மி பிசகாமல். 2.5 மீட்டர் தெருவில் முன்னும் பின்னும் நாலு முறை எடுக்க வேண்டும், தெரு அடைபடுவது அந்த நாலு முறையில்தான். முக்கு வீட்டை யாராவது புதிதாகக் கட்டும்போது, தரைத்தளத்தில் மட்டும் 1.5 மீட்டர் முக்கைச் சாய்வாக வெட்டிக் கட்டச் சொல்லுங்கள். மாடி முழுதாகவே இருக்கலாம். அந்த ஒரு வெட்டு தெரு முழுவதற்கும் உதவும். ஆம்புலன்சும் அதே முக்கில்தான் திரும்பியாக வேண்டும்.

பார்சல் விஷயத்தில் நேரம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பைக் நிற்கிறது, பெட்டியை எடுக்க அரை நிமிடம். பிறகு கதவைத் தட்டி, உள்ளிருந்து ஆள் வந்து, போன் வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் என்பதால் அவரைக் கூப்பிட்டு ஓடிபி கேட்டு வாங்க 5 நிமிடம். ஆள் இல்லையென்றால் நாளைக்கு மறுபடி அதே வண்டி. தெருமுகத்தில் ஒரு கடைக்காரரிடம் மூன்று தட்டு அலமாரி வைத்து, அங்கே ஒப்படைத்துவிடும்படி முகவரியிலேயே எழுதுங்கள். பார்சலுக்கு ஒரு சின்னத் தொகை கடைக்காரருக்குக் கொடுத்தால் போதும். ஓடிபியை ஆர்டர் போடும்போதே வீட்டில் இருப்பவர் எண்ணுக்கு வரும்படி மாற்றுவது அதைவிட எளிது.

கேள்வி: கடைக்கு முன்னால் உள்ள சாக்கடை சிலாப் வருஷத்துக்கு மூன்று முறை உடைகிறது. ஒவ்வொரு முறையும் அதே மாதிரிப் புதிது போடுகிறார்கள். காண்ட்ராக்டர் சரியில்லையா?
– ஹார்டுவேர் கடை, ராமநாதபுரம் சாலைத் தெரு

காண்ட்ராக்டர் சரியாகவும் இருக்கலாம், போட்ட சிலாப் தவறானதாக இருக்கலாம். ஆள் நடக்கும் சிலாப்பைச் சதுர மீட்டருக்கு 400, 500 கிலோ தாங்கும்படி கணக்கிடுவார்கள். நாலு டயர் கொண்ட ஒரு பின் அச்சுக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட எடை 11.5 டன். அதில் பாதி, 5.75 டன், உங்கள் சிலாப் மேல் ஒரு பக்கச் சக்கரமாக ஏறுகிறது. சிமெண்ட், கம்பி இறக்கும் கடைக்கு முன்னால் இது தினப்படி நடப்பது.

வண்டி ஏறும் இடத்தில் 2 அடி முதல் 3 அடி அகலச் சாக்கடைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கனம், எம்30 என்ற வலிமை வகைக் கான்கிரீட், அடியில் 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டு பக்கமும் 125 மில்லிமீட்டர் இடைவெளியில் என்பதிலிருந்து தொடங்கி, பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். கடலோரம் என்பதால் கம்பிக்கு அடியில் கான்கிரீட் மூடல் 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நம் பகுதியில் சிலாப் உடையும் முன்பே அடிப்பக்கம் உரிந்து துருப்பிடித்த கம்பி தொங்குவது இந்த மூடல் குறைவதால்தான். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டால் எந்த மூடலும் காப்பாற்றாது.

இரண்டு சில்லறைத் தவறுகள் பெரிய செலவு வைக்கும். ஒன்று, தூர் வாரத் தூக்கிய சிலாப்பைத் தலைகீழாக வைத்துவிடுவது. கம்பி மேலே போய்விடும், அடியில் வெறும் கான்கிரீட், முதல் லாரிக்கே விரிசல். வார்க்கும்போதே மேல்பக்கத்தில் “மேல்” என்று கீறிவிடச் சொல்லுங்கள். இரண்டு, சுவர் மேல் சமமாக உட்காராமல் ஆடுவது. காலை வைத்தால் டக் டக் என்று சத்தம் வரும் சிலாப் சீக்கிரம் உடையும். உட்காரும் இடத்தில் சன்னமான கலவைப் படுக்கை போட்டால் தீர்ந்தது. அகலத்தை 45 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். 3 அடி நீளம், 150 மில்லிமீட்டர் கனத்துக்கு அதுவே 150 கிலோ வரும். அதற்கு மேல் போனால் தூர் வாருபவர்கள் தூக்கவே மாட்டார்கள்.

கேள்வி: மீன் லாரிகளிலிருந்து வடியும் தண்ணீர் தெரு முழுக்க நாற்றம், பைக் வழுக்குகிறது. மீன் வண்டியை ஊருக்குள் விடக் கூடாது என்று கேட்கலாமா?
– ஆசிரியர், மண்டபம்

கேட்கலாம், பலன் இருக்காது. கடற்கரை ஊரில் மீன் வண்டி வராமல் பிழைப்பு இல்லை. வண்டியைத் தடுப்பதை விட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள்.

1 டன் மீனுக்கு ஏறக்குறைய 1 டன் ஐஸ் போடுகிறார்கள். அதில் கால்வாசி கரைந்தாலே 250 லிட்டர், அதுவும் மீன் கொழுப்பும் செதிலும் கலந்த தண்ணீர். பெட்டியின் அடித் துளையில் குழாய் மாட்டி, சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் ஒரு டிரம், அதற்குத் திறந்து மூட ஒரு வால்வு. செலவு சொற்பம். ஏலக்கூடத்திலோ இறங்குதளத்திலோ வால்வைத் திறந்து வடிகாலில் விடலாம். துளையில் துணியை அடைத்து வைப்பது இப்போதுள்ள வழக்கம். அது மேட்டில் ஏறும்போது பிதுங்கி விழும், அந்த இடத்தில்தான் பைக் வழுக்குகிறது.

வண்டி காத்து நிற்கும் இடம் தார்ச்சாலையாக இருக்கக் கூடாது. நின்ற எடையும் சொட்டும் டீசலும் தாரை இளக்கும். கான்கிரீட் தளம், 100க்கு 1 சரிவு, முடிவில் மணல் தங்கும் தொட்டி. பேவர் பிளாக் போடுவதானால் 80 மில்லிமீட்டருக்குக் குறையாமல். நடைபாதைக்குப் போடும் 60 மில்லிமீட்டர் கல்லை லாரி நிற்குமிடத்தில் போட்டால் ஒரு மழைக்காலத்தில் குழி விழும். எப்போது வேலை செய்வது என்பதற்கு நம் கடற்கரையில் கடவுள் தந்த மாதிரி ஒரு காலம் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு லாரிகள் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் தளம் போட்டு, கான்கிரீட்டைப் பதப்படுத்தி முடித்துவிடலாம். ஏப்ரலிலேயே இயந்திரம் இறங்க வேண்டுமானால் டெண்டர் ஜனவரியில் போக வேண்டும். வழக்கமாக நடப்பது, மே மாதம் டெண்டர், ஜூன் 15 அன்று முதல் மீன் லாரி வரும்போது ஜல்லிக் குவியல்.

அதே காரணத்தால் தடைக்காலத்தில் வண்டிக் கணக்கெடுப்பு நடத்தாதீர்கள். மற்ற மாதங்களிலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு நாள் வேறு, நாட்டுப்படகு நாள் வேறு. இரண்டிலும் எண்ணுங்கள்.

கேள்வி: சரக்கு இறக்கும் இடம் என்று மஞ்சள் கோடு போட்டாலும் அரை மணியில் பைக்குகள் நிரப்பிவிடும். வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பார்சிலோனாவில் சரக்கு இடத்தில் 30 நிமிடம்தான் உச்சவரம்பு. டிரைவர் போன் செயலியில் நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே பால்மெஸ் போன்ற தெருக்களில் ஒரே தடம் நெரிசல் நேரத்தில் ஓடுவதற்கும், நடுப்பகலில் சரக்கு இறக்கவும், இரவில் வண்டி நிறுத்தவும் மாறிமாறிப் பயன்படும். நமக்குச் செயலியைவிட வரிசை முக்கியம். முதலில் பைக்குக்கு இடம் கொடுங்கள், பிறகு லாரிக்குக் கோடு போடுங்கள். பைக்குக்கு வழியில்லாமல் போட்ட சரக்குக் கட்டம் பைக் ஸ்டாண்டாகத்தான் முடியும். இரண்டும் அருகருகே இருந்தால் கடைக்காரரே பைக்கைத் தள்ளி வைப்பார், அவர் சரக்குதானே. நேரத்தைப் போர்டில் தமிழில், எட்டடி உயரத்தில் எழுதுங்கள். தரையில் எழுதியதைக் கடற்கரை மணல் மூடிவிடும். இரும்புக் கம்பத்துக்குக் கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) இல்லாமல் பெயிண்ட் மட்டும் என்றால் அடிப்பக்கம் துருப்பிடித்து ஒரு நாள் காற்றுக்குச் சாயும்.

கேள்வி: புதிதாக நடைபாதை போட்டார்கள். குடங்கள் அடுக்கிய தண்ணீர் வண்டியைத் தள்ளி ஏற்ற முடியவில்லை.
– தொண்டி வாசகி

தண்ணீர் வண்டியும் சரக்கு வண்டிதான், திட்டம் வரைபவர் கண்ணில்தான் படுவதில்லை. 15 லிட்டர் குடம் 8 என்றால் தண்ணீர் மட்டும் 120 கிலோ. 15 சென்டிமீட்டர் உயர ஓரக்கல்லில் அதை ஏற்ற 1க்கு 12 சரிவு, அதாவது 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அகலம் 1.2 மீட்டர். தெருக்குழாய்க்கு எதிரிலும் தெரு முனைகளிலும் கேளுங்கள். சக்கர நாற்காலிக்கும் இதே அளவு என்பதால் மறுக்க முடியாது.

கேள்வி: இரவில் இறக்கச் சொன்னால் சிலிண்டர் உருட்டும் சத்தத்தில் தூங்க முடியாதே?
– விடுதி நடத்துபவர், ராமேஸ்வரம்

உண்மை. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55 டெசிபல் என்பது ஒலி மாசு விதிகள் வைத்த வரம்பு. வீட்டுச் சிலிண்டர் நிரப்பியது ஏறக்குறைய 30 கிலோ. வண்டியிலிருந்து தள்ளிவிட்டால் தெருவே எழுந்துகொள்ளும். சிலிண்டரைப் பகல் வேளைக்கு மாற்றுங்கள். இரவுக்கு அரிசி, மளிகை, அட்டைப்பெட்டி. பின்கதவுச் சங்கிலிக்கு ரப்பர் குழாய் மாட்டுவது, இரும்புச் சக்கர டிராலியை விடுத்து ரப்பர் சக்கரம், இறக்கும்போது எஞ்சினை அணைப்பது: மூன்றும் செய்தால் புகார் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: இதையெல்லாம் யாரிடம் கேட்பது? நகராட்சியைக் கேட்டால் போலீஸ் என்கிறார்கள், போலீஸைக் கேட்டால் நெடுஞ்சாலைத்துறை என்கிறார்கள்.
– வியாபாரிகள் சங்கப் பொறுப்பாளர், கீழக்கரை

மூவருக்கும் பங்கு உண்டு, அதனால்தான் சுற்றவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115 குறிப்பிட்ட வகை வண்டியைக் குறிப்பிட்ட நேரத்தில் தடுக்க அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். சோதனை முயற்சிக்கு இதுவே நல்ல வாசல்: 30 நாள் மட்டும் கேளுங்கள். பிரிவு 117 வண்டி நிறுத்துமிடங்களை உள்ளாட்சியோடு கலந்து நிர்ணயிப்பது பற்றியது, இறக்குமிடத்துக்கு இதைக் குறிப்பிடுங்கள். சாலை யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள் வரும் பகுதியில் நகராட்சி கோடு போட முடியாது.

மூன்று துறையும் ஒரே மேஜையில் உட்காருவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில். மனுவை அங்கே கொண்டுபோங்கள். ஒரு பக்கம் போதும். மேலே என்ன வேண்டும் என்று இரண்டு வரி, நடுவில் மூன்று நாள் கணக்கெடுப்பின் எண்கள், கீழே தெருவின் படம். படத்தில் அகலத்தை டேப் வைத்து அளந்து மூன்று இடத்தில் எழுதுங்கள், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், சாக்கடை மூடி எல்லாவற்றையும் குறியுங்கள். சங்க உறுப்பினர் எந்தெந்த நேரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று கையெழுத்தோடு இணையுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாத மனுவுக்கு “வியாபாரிகள் எதிர்ப்பார்கள்” என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.